எக்ஸ்போவ ஏத்துறதுக்கு முன்னாடி சர்வோ ஆர்மைப் பாருங்க

கேள்விய நான் புரிஞ்சுகிட்ட மாதிரி முதல்ல சொல்லிடறேன். ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள எலக்ட்ரிக் ரேடியோ கண்ட்ரோல் ஏரோபாட்டிக் பிளேன், மேனுவல்ல லோ ரேட் ஹை ரேட் (சுவிட்ச்ல மாத்தற சின்ன, பெரிய அசைவு அளவு) ரெண்டுக்கும் மில்லிமீட்டர்ல த்ரோ, அதாவது இறக்கைலயும் வால்லயும் இருக்கற பலகைங்க எவ்வளவு அசையணும்னு, குடுத்திருக்கான், அதை அப்படியே வெச்சுப் பறந்தீங்க. லோ ரேட்ல லூப், ரோல் எல்லாம் நல்லா வருது, ஆனா ஸ்டால் டர்ன்ல (செங்குத்தா ஏறி உச்சில பக்கவாட்டுல திரும்பி இறங்கறது) மூக்கு திரும்ப மாட்டேங்குது, லேண்டிங்ல எலிவேட்டர் (மூக்க மேல கீழ ஆட்டற வால் பலகை) பத்தல. சரின்னு ஹை ரேட் போட்டா ஸ்டிக்க தொட்டாலே துள்ளுது. எக்ஸ்போவ (ஸ்டிக் நடுவுல அசைவ மென்மையாக்கற ரேடியோ செட்டிங்) 30-லேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா 70% வரைக்கும் ஏத்திப் பாத்தாச்சு, இப்ப நடுவுல செத்த மாதிரியும் ஓரத்துல வெறி புடிச்ச மாதிரியும் இருக்கு. ரேட் எத்தனை, எக்ஸ்போ எவ்வளவு, சுவிட்ச் ஒண்ணா தனித்தனியா, இதுதான கேள்வி?

சுருக்கமா சொல்லணும்னா உங்க பிளேன்ல எதுவும் கெட்டுப்போகல, உங்ககிட்ட இல்லாதது நடுவுல ஒரு ரேட். மேனுவல்ல ஹை ரேட்னு போட்டிருக்கறது பெரும்பாலும் ஹோவர், ஹாரியர் மாதிரி மெதுவா தொங்கிட்டுப் பறக்கற 3டி வேலைக்கான த்ரோ. அதை வெச்சுகிட்டு ஸ்டால் டர்னும் லேண்டிங்கும் பண்ணப் பாக்கறீங்க. ரேட்டுங்கறது பிளேனுக்கு எவ்வளவு வேணும்ங்கற கணக்கு, எக்ஸ்போங்கறது உங்க விரலுக்கு எப்படித் தெரியணும்ங்கற கணக்கு, முதல் கணக்குல இருக்கற தப்ப ரெண்டாவத வெச்சுத் திருத்தப் போனா இப்ப நீங்க சொன்ன மாதிரிதான் ஆகும். இன்னொரு விஷயம், எந்த ரேட்ல இருந்தாலும் ஸ்டிக்கோட நடுப்பகுதி கைக்கு ஒரே மாதிரி தெரியணும், அதுக்கு ஒரு சின்னக் கணக்கு இருக்கு, கீழ வருது. அதுக்கு முன்னாடி புராப்ப (ப்ரொபெல்லர்) கழட்டி ஓரமா வெச்சுட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுங்க, ஏன்னா வேலை ரேடியோல ஆரம்பிக்கறதே இல்ல.

சர்வோ (பலகைய அசைக்கற சின்ன மோட்டார்) ஆர்ம்ல புஷ்ராட், அதாவது பலகைக்குப் போற கம்பி, எந்த ஓட்டைல மாட்டியிருக்குன்னு பாருங்க. பெட்டில வர்ற இந்த மாதிரி பிளேன் பலதுலயும் 3டி த்ரோ வர்ற மாதிரி நீளமான ஆர்ம், அதுல கடைசி ஓட்டைல மாட்டச் சொல்லியிருப்பான். உதாரணத்துக்கு ஆர்ம் 20 மிமீ, எலிவேட்டர் ஹார்ன் (பலகைல கம்பிய மாட்டற கொம்பு) 25 மிமீன்னு வெச்சுக்கோங்க. சர்வோ ஒரு பக்கம் 60 டிகிரி போனா எலிவேட்டர் கிட்டத்தட்ட 44 டிகிரி போகும், ஹோவருக்கு பிரமாதம். ஆனா லோ ரேட்ல உங்களுக்கு வேணுங்கறது 14 டிகிரிதான், அதுக்கு சர்வோ திரும்பறது வெறும் 18 டிகிரி. அதாவது சர்வோகிட்ட இருக்கற ஓட்டத்துல மூணுல ஒரு பங்குக்கும் கம்மி, மிச்சம் சும்மா கிடக்குது. கியர்ல இருக்கற சின்ன ஆட்டம், சர்வோ நடுவுக்கு சரியா திரும்பி வராத அந்தக் கொஞ்சூண்டு பிசகு, இதெல்லாம் நீளமான ஆர்ம்ல அப்படியே பெருசாகி எலிவேட்டர்ல தெரியும். பிளேன் நேரா பறக்கும்போது ஒரு தடவை மேல ஒரு தடவை கீழன்னு மூக்க ஆட்டிட்டே இருந்தா அது ஸ்டிக்குக்குத் துள்ளறது இல்ல, லிங்கேஜ் (சர்வோவையும் பலகையையும் இணைக்கற அமைப்பு) ஆட்டம். அதுக்கு எக்ஸ்போ மருந்தே கிடையாது.

அதே ஹார்னுக்கு 12 மிமீ ஓட்டைல மாட்டிப் பாருங்க. சர்வோ 60 டிகிரி போனா எலிவேட்டர் 24 டிகிரி சொச்சம், 14 டிகிரிக்கு சர்வோ 30 டிகிரி திரும்பணும். ஆட்டம் கம்மி, அதே சர்வோக்கு எலிவேட்டர்ல கிடைக்கற பலம் ஒன்றரை மடங்குக்கு மேல, பேட்டரி எடுக்கறதும் குறையும். ஹோவர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அப்புறம் எதுக்கு 44 டிகிரிய தூக்கிட்டு அலையறீங்க? உள் ஓட்டைக்கு மாத்துங்க. ஹோவர் கத்துக்கற அன்னிக்கு வெளி ஓட்டைக்கு மாத்தறது பத்து நிமிஷ வேலை. இங்க ஒண்ணு, ஹார்ன் பக்கம் வெளி ஓட்டை, சர்வோ பக்கம் உள் ஓட்டை, இந்தத் திசைலதான் போகணும், தலைகீழா பண்ணிடாதீங்க.

ஆர்ம மாட்டும்போது ரேடியோல சப்-ட்ரிம் (சர்வோவோட நடு இடத்த நகத்தற செட்டிங்) எல்லாத்தையும் பூஜ்யத்துல வெச்சு, ஸ்டிக் நடுவுல இருக்கும்போது ஆர்ம் புஷ்ராடுக்கு 90 டிகிரில நிக்கணும். நிக்காது, அதான் வழக்கம். சர்வோ தண்டுல 25 பல்லுன்னா ஒரு பல்லு தள்ளி மாட்டினா 14.4 டிகிரி தாவிடும், வேணுங்கற இடம் நடுவுல மாட்டிக்கும். உடனே சப்-ட்ரிம்ல 60, 70 போட்டு இழுத்துடுவாங்க, அது வேண்டாம், ஒரு பக்க ஓட்டம் குறைஞ்சு மேல ஒரு அளவு கீழ ஒரு அளவுன்னு ஆயிடும். நாலு கை உள்ள பிளஸ் வடிவ ஆர்ம் சர்வோவோட வந்திருக்கும் பாருங்க, அதை எடுத்து ஒரே இடத்துல நாலு கையையும் ஒவ்வொண்ணா மாட்டிப் பாருங்க. 25-ஐ நாலால வகுத்தா மீதி வருதுல்ல, அதனால ஒவ்வொரு கையும் கால் பல்லு, அதாவது 3.6 டிகிரி தள்ளி உக்காரும். நாலுல ஒண்ணு ஏறக்குறைய சரியா நிக்கும். அதை வெச்சுகிட்டு மத்த மூணையும் வெட்டிடுங்க, அதுக்கப்புறம் மிச்சம் இருக்கற ஒரு டிகிரி ரெண்டு டிகிரிக்கு சப்-ட்ரிம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க. முதல் தடவை இதை ஒரு பெரியவர் செஞ்சு காட்டினப்ப எனக்கு மேஜிக் பாத்த மாதிரி இருந்துச்சு, அதுவரைக்கும் நான் அந்த பிளஸ் ஆர்ம் எல்லாத்தையும் குப்பைல போட்டுட்டு இருந்தேன்.

ஹார்ன்ல ஓட்டை ஹின்ஜ் (பலகைய மாட்டியிருக்கற கீல்) கோட்டுக்கு நேர் மேல இருக்கான்னும் பாத்துடுங்க. முன்னாடியோ பின்னாடியோ தள்ளி இருந்தா மேல கீழ த்ரோ ஒரே அளவா வராது. எலிவேட்டருக்கு ரெண்டு சர்வோன்னா ரெண்டு பக்கமும் நடுவுல, பாதில, முழுசுல மூணு இடத்துலயும் ஒத்துப் போகணும். முழு ஸ்டிக்ல மட்டும் பாத்துட்டு விட்டுடுவாங்க, அப்புறம் லூப் போட்டா மேல போகும்போது இறக்கை சாயுதுன்னு ஐலரான (பிளேன உருட்டற இறக்கைப் பலகைங்க) நோண்டிட்டு இருப்பாங்க.

இது முடிஞ்சதும் டிராவல், அதாவது எண்ட் பாயிண்ட், சர்வோ ரெண்டு பக்கமும் போற எல்லை. உங்களோட பெரிய ரேட்டுக்கு எவ்வளவு வேணுமோ அந்த அளவு 100% ரேட்ல வர்ற மாதிரி டிராவல வைங்க, அதுவும் லிங்கேஜ்னால முடிஞ்ச வரைக்கும் டிராவல் 100-க்கு மேல இருக்கற மாதிரி. டிராவல் 50% ஆக்கித்தான் த்ரோ சரியா வருதுன்னா ஆர்ம் இன்னும் நீளமா இருக்குன்னு அர்த்தம், திரும்பப் போய் ஓட்டைய மாத்துங்க. ரேட், எக்ஸ்போ, மிக்ஸ் (ஒரு பலகை அசைஞ்சா இன்னொண்ணும் கூடவே அசையற செட்டிங்) எல்லாம் இதுக்குப் பின்னாடிதான், ஏன்னா எண்ட் பாயிண்ட நாளைக்கு மாத்தினா அது மேல கட்டின அத்தனையும் நகரும்.

அளக்கறதுக்கு மில்லிமீட்டர விட டிகிரி நல்லது. மேனுவல்ல 40 மிமீன்னு போட்டிருப்பான், எந்த இடத்துல அளந்தான்னு சொல்லியிருக்க மாட்டான். எலிவேட்டரோட அகலமான இடத்துல, பின் விளிம்புலதான் அளக்கணும். சுலபமா ஞாபகம் வெச்சுக்க ஒண்ணு: கண்ட்ரோல் சர்ஃபேஸ் 60 மிமீ அகலம் இருந்தா ஒரு மிமீ கிட்டத்தட்ட ஒரு டிகிரி. 14 டிகிரி வேணும்னா 14.5 மிமீ, 22 டிகிரி வேணும்னா 22, 23 மிமீ. அகலம் 90 மிமீன்னா அதே டிகிரிக்கு ஒன்றரை மடங்கு மிமீ. அதனாலதான் அடுத்தவரோட மிமீ கணக்க வாங்கி உங்க பிளேன்ல போடக்கூடாது, டிகிரிய வாங்கினா ஓரளவு பொருந்தும். போன்ல சாய்வு அளக்கற ஆப் இருக்கு, லேசான போனா இருந்தா சர்ஃபேஸ் மேல வெச்சு அளக்கலாம், கனமா இருந்தா அதுவே அழுத்தி வெச்சிடும், அப்ப ஸ்கேலே போதும்.

இப்ப நம்பர். இது என் பழக்கம், உங்க பிளேனுக்கு ரெண்டு மூணு டிகிரி கூடக் குறைய வரும். எலிவேட்டர் லோ 14, மிட் 22, அப்புறம் 3டின்னா 40-க்கு மேல. ஐலரான் லோ 15-லேர்ந்து 18, மிட் 24, ஹை 30-லேர்ந்து 35. ரடர் (மூக்க இடது வலது திருப்பற செங்குத்து வால் பலகை) மட்டும் வேற ஜாதி, அதுக்கு லோ ரேட்னு 15 டிகிரி வெக்கறதுல எந்தப் பிரயோஜனமும் இல்ல, லோவே 28, 30 டிகிரி வைங்க, ஹை ரேட் எலிவேட்டர்ல இடிக்காம எவ்வளவு போகுமோ அவ்வளவு. மேனுவல்காரன் எலிவேட்டரப் பாதியாக்கின கையோட ரடரையும் பாதியாக்கிடுவான், உங்க ஸ்டால் டர்ன் திரும்பாததுக்கு முக்காவாசி காரணம் அதுதான்.

எக்ஸ்போக்கு வருவோம். நிறைய பேரு எக்ஸ்போ போட்டா த்ரோ குறையும்னு நெனைக்கறாங்க. ஓரத்துல த்ரோ அப்படியேதான் இருக்கும், நடுவுல குறைச்சத எல்லாம் ஓரத்துல வட்டியோட திருப்பிக் குடுத்துடும். எட்ஜ்டிஎக்ஸ் (ஓபன் சோர்ஸ் ரேடியோ மென்பொருள்) ரேடியோல கணக்கு வெளிப்படையா இருக்கு: ஸ்டிக்க 0-லேர்ந்து 1 வரைன்னு வெச்சுகிட்டா, எக்ஸ்போ பங்கு அளவுக்கு ஸ்டிக்கோட மும்மடி (ஸ்டிக் × ஸ்டிக் × ஸ்டிக்), மிச்சப் பங்கு அளவுக்கு ஸ்டிக் அப்படியே, ரெண்டையும் கூட்டறது. மத்த கம்பெனிகளோட வளைவு கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம், ஆனா போக்கு இதுதான்.

நீங்க வெச்சிருக்கற 40 டிகிரி, 70% எக்ஸ்போவ இந்தக் கணக்குல போடுங்க. ஸ்டிக்கோட முதல் கால்வாசில எலிவேட்டர் நகர்றது 3.4 டிகிரி. கடைசி கால்வாசில நகர்றது 19 டிகிரி. ஒரே கட்டை விரல், ஒரே தூரம், ஆனா அஞ்சு மடங்குக்கு மேல வித்தியாசம். லேண்டிங்ல தரைக்கு அரை மீட்டர் மேல இருக்கும்போது நீங்க ஸ்டிக்க கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டே வர்றீங்க, ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல, இன்னும் கொஞ்சம் இழுக்கறீங்க, திடீர்னு மூக்கு வானத்தப் பாக்குது. நீங்க சொன்ன செத்த நடுவும் வெறி புடிச்ச ஓரமும் இதுதான். ஹோவர்ல இது தப்பே இல்ல, அங்க பிளேனுக்கு வேகமே கிடையாது, புராப் காத்து மட்டும்தான், ஓரம் வரைக்கும் அடிச்சு ஆடணும். வேகமா பறக்கற பிளேனுக்குத்தான் இது விஷம்.

சரி, அந்த சின்னக் கணக்கு. இந்த மாதிரி வளைவுல ஸ்டிக் நடுவுல எவ்வளவு கூர்மைன்னா, த்ரோவ எக்ஸ்போ போக மிச்சம் இருக்கற பங்கால பெருக்கினா வரும். லோ ரேட் 14 டிகிரி, எக்ஸ்போ 15%ன்னா 14 × 0.85 = 11.9. மிட் ரேட் 22 டிகிரிக்கு அதே 12 வரணும்னா எக்ஸ்போ 45%, 22 × 0.55 = 12.1. ஹை ரேட் 40 டிகிரிக்கு 70%, 40 × 0.30 = 12. மூணுலயும் ஸ்டிக்கோட முதல் கால்வாசில எலிவேட்டர் நகர்றது 3.0, 3.2, 3.4 டிகிரி. புரியுதா? சுவிட்ச் எந்தப் பக்கம் இருந்தாலும் நேரா பறக்கும்போது, சின்னச் சின்னதா திருத்தும்போது பிளேன் ஒரே பிளேனாத்தான் தெரியும், ஓரத்துக்குப் போனாத்தான் வித்தியாசம். மூணு ரேட்லயும் ஒரே 30% போட்டு வெச்சிருந்தா சுவிட்ச் தட்டும்போதெல்லாம் புதுசா ஒரு பிளேன ஓட்டக் கத்துக்கணும். உங்களுக்கு நடுவுல 12 கூர்மையா இருக்குன்னா 10-க்கு இறக்குங்க, மொண்ணையா இருக்குன்னா 14-க்கு ஏத்துங்க, ஆனா மூணு ரேட்டையும் சேத்து நகத்துங்க.

எக்ஸ்போ குறி விஷயத்துல ஜாக்கிரதை. ஃபுடாபா ரேடியோல மைனஸ் போட்டாத்தான் நடு மென்மையாகும், ஸ்பெக்ட்ரம், ஜேஆர், எட்ஜ்டிஎக்ஸ்ல பிளஸ். நான் ரேடியோ கம்பெனி மாறின அன்னிக்கு பழைய பழக்கத்துல எல்லாத்துக்கும் மைனஸ் 40 போட்டுட்டு கிளம்பிட்டேன். நடுவுல மென்மையாகறதுக்கு பதிலா ரெண்டு மடங்குக்கு மேல கூர்மை ஆயிடுச்சு. டேக் ஆஃப் ஆகி ஒரு சுத்து வந்தேன்னு சொல்றதே பெருமைக்கு, பிளேன் தன் இஷ்டத்துக்கு சுத்துச்சு, நான் ஸ்டிக்க புடிச்சுகிட்டு வேண்டிகிட்டு இருந்தேன். இறங்கிடுச்சு, லேண்டிங் கியர் மட்டும் போச்சு. அதுலேர்ந்து ரேடியோ ஸ்க்ரீன்ல வளைவ கண்ணால பாக்காம நம்பர நம்பறதில்ல, நடுவுல படுத்து ஓரத்துல நிமிரணும், தலைகீழா இருந்தா குறிய மாத்துங்க.

சுவிட்ச் விஷயத்துல ரெண்டு கட்சி இருக்கு. நான் ஒரே சுவிட்ச் கட்சி, மூணு நிலை உள்ள ஒரு சுவிட்ச்ல எலிவேட்டர், ஐலரான், ரடர் மூணும் சேந்து மாறும், ஃப்ளைட் மோடுன்னு ரேடியோல இருந்தா அதுலயே வெச்சுடலாம். தனித்தனி சுவிட்ச்ல ஸ்னாப்புக்கு (இறக்கைய தூக்குசக்தி இழக்க வெச்சு, அதாவது ஸ்டால் பண்ணி, பிளேன வேகமா உருட்டறது) எலிவேட்டர மட்டும் தனியா மாத்தலாம்ங்கறது உண்மைதான், போட்டிக்குப் பறக்கறவங்களுக்கு அது வேணும். உங்களுக்கு இப்ப வேண்டாம், பதட்டத்துல மூணு சுவிட்ச எங்க தேடுவீங்க. எப்படி வெச்சாலும் சரி, எல்லா பிளேன்லயும் சாந்தமான பக்கம் ஒரே திசைல இருக்கட்டும். ஸ்டிக்க இழுத்துப் புடிச்சுகிட்டே சுவிட்ச் தட்டாதீங்க. பாதி ஸ்டிக்ல இருந்தா மேல சொன்ன கணக்குல 6 டிகிரிலேர்ந்து 9.5-க்குத் தாவும், அது பரவால்ல, முழு ஸ்டிக்ல இருந்தா 14-லேர்ந்து 40, முழு வேகத்துல அது இறக்கைய ஸ்டால் பண்ணி பிளேன ஸ்னாப் அடிக்க வெக்கும், சிலதுக்கு இறக்கையே மடியும். பெஞ்ச்ல வெச்சு ஸ்டிக்க நடுவுல விட்டுட்டு சுவிட்ச தட்டிப் பாருங்க, எதுவுமே அசையக் கூடாது. அசைஞ்சா அந்த ஃப்ளைட் மோடுல தனியா ட்ரிம் ஒட்டிகிட்டு இருக்குன்னு அர்த்தம்.

இவ்வளவு பண்ணியும் எலிவேட்டர் துள்ளுதுன்னா சிஜிய, அதாவது எடை மையத்தப் பாருங்க. வால் கனமா இருந்தா எந்த ரேட்டும் நிக்காது. மேல கொஞ்ச உயரத்துல தலைகீழா திருப்பி நேரா புடிச்சு ஸ்டிக்க விடுங்க, மூக்கு தடால்னு தரையப் பாத்து விழுந்தா முன்பக்கம் கனம், தானா மேல ஏறினா வால் கனம், மெதுவா இறங்கினா நல்லா இருக்கு. உங்க லேண்டிங் பிரச்சனைல கூட பாதி இதுவா இருக்கலாம், மூக்கு கனமான பிளேன் வேகம் குறையக் குறைய எலிவேட்டர தின்னுகிட்டே போகும். மூக்கு கனம்னு தெரிஞ்சா பேட்டரிய 10 மிமீ பின்னாடி தள்ளி ஒரு தடவை பறந்து பாத்துட்டு அப்புறம் ரேட்ட தொடுங்க.

லேண்டிங்குக்கு மிட் ரேட். இதுக்குக் காரணம் சுலபம், காத்து சர்ஃபேஸ் மேல குடுக்கற பலம் வேகத்தோட வர்க்கத்துல போகும், வேகம் பாதியானா அதே 14 டிகிரிக்கு கால் பங்கு பலம்தான். லோ ரேட்ல ஃப்ளேர் (தரை தொடறதுக்கு முன்னாடி மூக்க தூக்கறது) பண்ண கடைசில ஸ்டிக்கே இல்லாம போறது அதனாலதான். டவுன்விண்ட்ல (இறங்கறதுக்கு முன்னாடி காத்தோட திசைல போற பகுதி) ஸ்டிக் நடுவுல இருக்கும்போது மிட்டுக்கு தட்டிடுங்க, நடு ஒரே மாதிரி இருக்கறதால வித்தியாசமே தெரியாது, ஆனா தேவைப்படும்போது 22 டிகிரி கைல இருக்கும்.

ஸ்டால் டர்னுக்கு ரேட் மட்டும் இல்ல, நேரமும் இருக்கு. செங்குத்தா ஏறி வேகம் செத்துப்போற இடத்துல ரடர் மேல போற காத்து புராப் குடுக்கறது மட்டும்தான், த்ராட்டில முழுசா மூடிட்டு ரடர் அடிச்சா 45 டிகிரி இருந்தாலும் ஒண்ணும் ஆகாது. கால் த்ராட்டில் விட்டு வைங்க, பிளேன் முழுசா நிக்கறதுக்கு ஒரு கணம் முன்னாடி ரடர முழுசா குடுங்க. முதல்ல இடது பக்கமா பழகுங்க, பின்னாலேர்ந்து பாத்தா கடிகாரத் திசைல சுத்தற சாதாரண புராப்புக்கு இடது பக்கம் தானாவே ஒத்துழைக்கும். திரும்பும்போது ரோல் ஆனா எதிர்ப்பக்க ஐலரான் கொஞ்சம். ரடருக்கு எக்ஸ்போ 30% வரைக்கும் போதும், நேரா ஏறும்போது கோடு திருத்த நடுவுல மென்மை வேணும், அடிக்கும்போது முழுசா வேணும்.

ஐலரான பறந்து பாத்துதான் முடிவு பண்ண முடியும். லோ ரேட்ல ஸ்டிக்க ஓரத்துல ஒட்டி வெச்சா ஒரு ரோல் ஒன்றரை செகண்ட் பக்கம் எடுத்தா எனக்குப் பிடிக்கும், அதுக்கு வேகமா போனா மூணு ரோல் சேத்துப் போடும்போது நேரா நிறுத்த முடியறதில்ல. ரோல் போடும்போது மூக்கு ரோலுக்கு எதிர்ப்பக்கமா இழுத்தா மேல போற ஐலரானுக்கு கொஞ்சம் கூடுதலா டிஃபரென்ஷியல் குடுங்க, உங்க பிளேனோட சமச்சீர் இறக்கைக்கு பெரும்பாலும் பூஜ்யம் இல்லேன்னா நாலஞ்சு சதவீதத்துல முடிஞ்சுடும்.

ஸ்னாப்பும் மிட் ரேட்லயே வரும். எலிவேட்டர் இறக்கைய ஸ்டால் பண்ற அளவுக்கு இருந்தா போதும், அதுக்கு மேல குடுத்தா ஸ்னாப் அகலமாகி பீப்பாய் உருட்டற மாதிரி ஆயிடும், நிறுத்தறதும் கஷ்டம். 22-ல ஆழமா போகுதுன்னா 20-க்கு இறக்கிட்டு எக்ஸ்போவ 40 ஆக்குங்க, 20 × 0.60 = 12, கணக்கு மாறல.

ஒரு எச்சரிக்கை மட்டும், ரேட்ட ஏத்தின பிறகு வேகமா வரும்போது பர்ர்ர்னு ஒரு சத்தம் கேட்டா அது மோட்டார் இல்ல, ஃப்ளட்டர், பலகை காத்துல தானா அதிர்றது. உடனே த்ராட்டில இறக்கி, மூக்க மெதுவா தூக்கி, வந்து இறங்கிடுங்க, இன்னொரு தடவை கேட்டுப் பாக்கலாம்னு நெனைக்காதீங்க. ஹின்ஜ், ஹார்ன், சர்வோ கியர் மூணையும் பாத்து, ஹின்ஜ் இடைவெளிய டேப் போட்டு மூடிட்டுதான் அடுத்த ஃப்ளைட்.

நைஃப் எட்ஜ் (இறக்கைய செங்குத்தா வெச்சுப் பறக்கறது) மிக்ஸ், ரிசீவர்ல கைரோ (ஆட்டத்த தானா திருத்தற கருவி) இருந்தா அதோட கெயின் (திருத்தற வலிமை), ரெண்டையும் இந்த ரேட்டெல்லாம் ரெண்டு மூணு நாள் பறந்து நின்ன பிறகு தொடுங்க. கைரோ இருந்தா முதல் ஃப்ளைட்டுகள்ல கெயின பூஜ்யத்துல வைங்க, இல்லேன்னா சிஜி தப்பா லிங்கேஜ் தப்பான்னே தெரியாம அது மறைச்சுடும். நைஃப் எட்ஜ்ல பிளேன் வயித்துப் பக்கம் எவ்வளவு இழுக்குது, இறக்கை எந்தப் பக்கம் உருளுதுன்னு குறிச்சுட்டு வந்து எந்த ரேட்ல பறந்தீங்கன்னும் சேத்து எழுதுங்க, மிக்ஸ அப்புறம் பாக்கலாம். இப்போதைக்கு 12 மிமீ ஓட்டை, எலிவேட்டர்ல 14-க்கு 15%, 22-க்கு 45%, ரடர் 30 டிகிரி, மூக்கு கனமா இருந்தா பேட்டரி 10 மிமீ பின்னாடி. சுவிட்ச்ல மூணாவது நிலைய காலியா விட்டுடாதீங்க, மிட் ரேட்டையே அதுலயும் காப்பி பண்ணி வைங்க, தெரியாம தட்டினாலும் ஒண்ணும் ஆகாது.